பதினொரு மணிக் கேள்வி

2008 அக்டோபர் 8 அன்று அமெரிக்க மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை 2 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்தது. இரண்டு நாள் கழித்து லண்டனில் அறிவிக்கப்பட்ட மூன்று மாத டாலர் வட்டி 4.82 சதவீதம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாறும் வட்டிக்கு வீட்டுக் கடன் வாங்கிய ஒரு குடும்பத்தை இந்த இரண்டில் எது கட்டுப்படுத்தும்? சொந்த நாட்டு வட்டிதான் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் கடன் தகுதி குறைந்தவர்களுக்குத் தந்த, சப்பிரைம் எனப்பட்ட மாறும் வட்டிக் கடன்களில் பெரும்பாலானவற்றின் பத்திரத்தில் எழுதியிருந்தது லண்டன் வட்டி, அதாவது லைபார். கடலுக்கு அந்தப் பக்கம் வங்கிகள் ஒன்றையொன்று நம்பாமல் போனதற்கான விலை, தவணைத் தேதியில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தது.

லைபார் வீட்டுக் கடனுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவில் வைப்புத்தொகை வட்டிக்கு அரசு உச்சவரம்பு விதித்திருந்த காலத்தில், அந்த வரம்புக்கு வெளியே இருக்க விரும்பிய டாலர்கள் லண்டன் வங்கிகளில் சேர்ந்தன. 1969இல் கிரேக்கரான மினோஸ் சோம்பனாகிஸ் என்ற வங்கியாளர், ஈரான் மன்னரின் அரசுக்கு 8 கோடி டாலர் கூட்டுக் கடன் ஏற்பாடு செய்தார். விலைவாசி ஏறிக்கொண்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு ஒரே வட்டியைச் சொல்ல எந்த வங்கிக்கும் துணிவில்லை. எனவே தவணை புதுப்பிக்கும் நாள் நெருங்கும்போது, கடன் தந்த வங்கிகள் தங்களுக்குப் பணம் என்ன வட்டிக்குக் கிடைக்கிறது என்று சொல்லும்; அதன் சராசரியோடு ஒரு லாப விகிதம் சேர்க்கப்படும். ஒரு கடன், சில வங்கிகள், ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அந்த அளவுக்கு அது நேர்மையான ஏற்பாடுதான்.

1986இல் பிரிட்டிஷ் வங்கியாளர் சங்கம் இதை நாள்தோறும் வெளியிடும் எண்ணாக மாற்றியது. அதன் பிறகு பேரம் பேசவே தேவையில்லை. ஒப்பந்தத்தில் ‘லைபார், கூடுதலாக இத்தனை’ என்று எழுதினால் போதும். வழக்கறிஞர்களின் மாதிரிப் படிவத்தில் அது அச்சாகவே இருந்தது. 1997இல் சிகாகோ சந்தையும் தன் யூரோடாலர் (அமெரிக்காவுக்கு வெளியே வைத்த டாலர்) முன்பேர ஒப்பந்தங்களை இந்த எண்ணை வைத்தே தீர்க்கத் தொடங்கியது. எல்லோரும் பயன்படுத்துகிறார்கள் என்பதே பயன்படுத்தப் போதுமான காரணம் ஆயிற்று. மும்பையில், நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தங்களான ரூபாய் ஸ்வாப்களுக்கான மைஃபார் வட்டிகூட டாலர் லைபாரின் மேல்தான் கட்டப்பட்டது. 2012இல் லைபாரைச் சார்ந்து நின்ற ஒப்பந்தங்களின் மதிப்பு 300 லட்சம் கோடி டாலர் என்று பிரிட்டனின் வீட்லி ஆய்வு குறிப்பிட்டது.

இவ்வளவும் ஒரே ஒரு கேள்வியின் மேல் நின்றது. காலை 11 மணிக்குச் சற்று முன், நீங்கள் பிற வங்கிகளிடம் கடன் கேட்டால் என்ன வட்டிக்குக் கிடைக்கும்? கேட்டால் என்பதைக் கவனியுங்கள். கேட்டிருக்க வேண்டியதில்லை, வாங்கியிருக்க வேண்டியதில்லை, சொன்னால் போதும்.

பதினாறு வங்கிகள் சொல்லும். மேலே நான்கையும் கீழே நான்கையும் கழித்துவிட்டு, மீதி எட்டின் சராசரியை எடுப்பார்கள். பொய் சொன்னால் கழிந்துவிடும் என்பது எண்ணம். கணக்கு அப்படி வேலை செய்யவில்லை. நடுவில் 3.00 சொல்ல வேண்டிய வங்கி 3.10 என்கிறது. அது கழிபடும், உண்மை. ஆனால் மேல் நான்கில் கடைசியாக இருந்த 3.04 இப்போது சராசரிக்குள் இறங்கும். 3.00 போய் 3.04 வந்தால் சராசரி 0.005 ஏறும். தூசி போலத் தெரியும். ஆயிரம் கோடி டாலர் ஸ்வாப் வைத்திருப்பவருக்கு மூன்று மாதத்தில் அந்தத் தூசி 1,25,000 டாலர். எண்ணைச் சொல்பவரும் ஸ்வாப் வைத்திருப்பவரும் ஒரே வங்கியில் வேலை செய்தார்கள். பின்னாளில் இந்த மோசடி பற்றிய விசாரணையில் வெளிவந்த ஒரு செய்தியில், எண்ணை வேண்டியபடி வாங்கிக்கொண்ட வணிகர் ஒருவர், வேலை முடிந்து வா, போலிஞ்சர் ஷாம்பெயின் திறக்கிறேன் என்று நன்றி சொல்கிறார்.

நிதி நெருக்கடியின்போது வேறு விதமான பொய் சேர்ந்தது. அதிக வட்டி சொன்னால், இந்த வங்கி தள்ளாடுகிறது என்று ஊர் பேசும். ஆகவே குறைத்துச் சொன்னார்கள். வீட்டுக் கடன்காரருக்கு அது ஓரளவு லாபம்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் லைபாரை வட்டியாகப் பெறும் ஸ்வாப்களை வாங்கியிருந்த நகராட்சிகளுக்கு அது இழப்பு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் 2011இல் வங்கிகள் மீது வழக்குத் தொடுத்தது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது காலதாமதம். 2008 ஏப்ரலிலேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சந்தேகத்தை எழுதிவிட்டது. ஜூனில் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வின் தலைவர் திமோதி கைத்னர், பொய் சொல்லத் தூண்டும் காரணங்களை நீக்குங்கள் என்று இங்கிலாந்து வங்கிக்கு எழுதினார். பொய்யான எண்களுக்காகப் பார்க்ளேஸ் வங்கிக்கு ஏறக்குறைய 29 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது 2012 ஜூனில். நடுவில் நான்கு ஆண்டுகள், ஒவ்வொரு வேலை நாளும் 11 மணிக்கு அதே கேள்வி, அதே விதமான பதில்.

மோசடியைத் துடைத்த பிறகும் அடியில் பள்ளம் இருந்தது. 2017 ஜூலையில் பிரிட்டிஷ் ஒழுங்குமுறை அமைப்பின் தலைவர் ஆண்ட்ரூ பெய்லி ஒரு கணக்கைச் சொன்னார்: ஒரு குறிப்பிட்ட நாணயத்தில், ஒரு குறிப்பிட்ட தவணைக் காலத்துக்கு, 2016 முழுவதும் வங்கிகளிடையே நடந்த தகுதியான பரிவர்த்தனைகள் 15 மட்டுமே. சந்தையே இல்லாத இடத்தில் சந்தை விலை நாள்தோறும் வெளியாகிக்கொண்டிருந்தது. டாலர் லைபாரின் வங்கிக் குழு 2023 ஜூன் 30இல் நின்றது. பழைய ஒப்பந்தங்களுக்காகச் சில காலம் விட்டுவைத்த கடைசிச் செயற்கை லைபாரும் 2024 செப்டம்பரில் மறைந்தது.

டாலருக்கு இப்போது உண்மையான ஒருநாள் கடன்களிலிருந்து கணக்கிடப்படும் சோஃபர் உண்டு. யூரோவில் வங்கிக் குழுவின் தரவுகளைக் கொண்டு கணக்கிடும் யூரிபோர் தொடர்கிறது; ஸ்பெயினின் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் அதன் மேல்தான். இந்தியாவில் 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு இணைக்கப்பட வேண்டும். வீட்டுக் கடன் நிறுவனங்களை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. அங்கே அளவுகோலை நிறுவனமே வகுத்துக்கொள்ளலாம். உங்கள் பத்திரத்தில் ‘மாறும் வட்டி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த எண்ணின் பெயர் இருக்கிறது, அதை யார் சொல்கிறார்கள், அது ஏறினால் அவர்களுக்கு என்ன கிடைக்கும் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.