செங்கேல் என்றால் தீ!

காலை ஆறு மணி. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வருவோரும், பகல் ஷிப்ட்டுக்கு உள்ளே போவோரும் ஒரே வாயிலில் முட்டிக்கொள்ளும் நேரம். டீக்கடை ஓரமாக நின்று காது கொடுத்துக் கேளுங்கள், தோழர்களே! தமிழ் கேட்கும். தெலுங்கு கேட்கும் — எல்லைப்புறம் அல்லவா, அது நமக்கு அண்டை வீட்டுப் பேச்சு. அதற்கு மேலும் நாலைந்து மொழிகள் கேட்கும். அவை என்ன மொழிகள் என்று டீக்கடைக்காரரைக் கேட்டால், கிளாசைக் கழுவிக்கொண்டே ஒரே வார்த்தையில் முடித்து விடுவார்: "இந்திக்காரப் பசங்க!"

அந்த ஒரு வார்த்தையால் என்ன வரும் என்பதை, இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்யும் தோழர் எனக்குச் சொன்னார். உலைக்குப் பின்புறம் அடுக்கியிருந்த சாக்குகளில் தீப்பொறி விழுந்துவிட்டது. முதலில் கண்டவன் ஒடிசாவின் மயூர்பஞ்சிலிருந்து வந்த இருபது வயது இளைஞன். "செங்கேல்! செங்கேல்!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். நம் தோழரோ திரும்பியும் பாராமல், "செங்கல்தானே தம்பி, அந்தப் பக்கம் அடுக்கியிருக்கு, எடுத்துக்கோ" என்றாராம்! உலைக்கு உட்சுவர் கட்ட அன்றுதான் செங்கல் வந்து இறங்கியிருந்தது. அவர் மேல் குற்றமில்லை. புகை மூக்கில் ஏறிய பிறகு எல்லோரும் ஓடிப்போய் மணலை அள்ளிக் கொட்டினார்கள். சாக்கோடு போயிற்று, ஆளுக்குச் சேதமில்லை.

சந்தாலி மொழியில் செங்கேல் என்றால் தீ.

அவன் சந்தால் இனத்து இளைஞன். அவன் தாய்மொழி இந்தியும் அல்ல, ஒடியாவும் அல்ல. அது இந்தியோடு உறவில்லாத வேறு குடும்பம். அதன் தூரத்துச் சொந்தங்கள் கம்போடியாவிலும் வியட்நாமிலும் இருக்கின்றன. அந்த மொழிக்கென்று மயூர்பஞ்சைச் சேர்ந்த ரகுநாத் முர்மு என்பவர் 1925இல் தனி எழுத்தே ஆக்கித் தந்தார். 2003இல்தான் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் அதற்கு இடம் கிடைத்தது. இத்தனை வரலாறு உள்ளவனை நாம் ஒரே வீச்சில் 'இந்திக்காரன்' ஆக்கிவிட்டோம்! இந்திக்கு இந்த ஊழியத்தை டெல்லி கூட இவ்வளவு எளிதாகச் செய்ததில்லை.

"எல்லோரும் இந்தி படித்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே" என்று ஒருவர் கிளம்புவார். இந்தியில் தீக்கு 'ஆக்' என்று பெயர். உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன் வாயில் அந்தச் சொல் வரவில்லையே, ஐயா!

இன்னொன்று கேளுங்கள். சார்க்கண்டிலிருந்து வரும் தோழர்களில் ஒராவோன் இனத்தார் உண்டு. அவர்கள் பேசுவது குருக் மொழி. பல்லை அவர்கள் 'பல்' என்றே சொல்வார்கள். கண்ணைச் சொல்லும்போது முதல் எழுத்தைத் தொண்டையில் உரசி 'கன்' என்பார்கள். வாயைச் சொன்னால் 'பை' என்று காதில் விழும். ஆம், அது திராவிட மொழி. தமிழின் உடன்பிறந்த மொழி. நம் ரத்த உறவு ஆயிரம் மைல் ரயிலேறி வந்து நம்மோடு ஒரே லைனில் நிற்கிறது. நாம் அடையாளம் கண்டோமா? இந்த உறவுச் சொற்களையெல்லாம் தொகுத்து 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டவர்கள் ஆக்ஸ்போர்டில் இருந்த பர்ரோவும், அமெரிக்காவில் பெர்க்கிலியில் இருந்த எமனோவும். இதில் பர்ரோ அங்கே வடமொழிப் பேராசிரியர் என்பது வேடிக்கை!

ஒரு பகுதியின் மொழிகளையும் பண்பாட்டையும் பல்கலைக் கழகத்தில் வைத்துப் படிப்பது என்பது பெரிய இடத்துப் பொழுதுபோக்கு, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கும் தோழர்களுக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். அந்தப் படிப்பு யாருக்காக, யார் காசில் நடந்தது என்று பாருங்கள். சம்பந்தம் தானே தெரியும்.

நம் மாவட்டத்திலேயே தொடங்கலாம். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே கடலோரம் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினார்கள். 1632 முதல் பத்தாண்டுகள் அங்கே பாதிரியாக இருந்த ஆபிரகாம் ரொகேரியஸ், பத்மநாபன் என்ற பார்ப்பனரிடம் போர்த்துக்கீசிய மொழியில் கேட்டுக் கேட்டு, இந்நாட்டு மக்களின் மதம், சாதி, சடங்கு எல்லாவற்றையும் எழுதினார். அவர் இறந்த பின் 1651இல் லெய்டன் நகரில் அந்த நூல் அச்சாயிற்று. நம்மைப் பற்றி ஐரோப்பாவில் வந்த முதல் விரிவான ஆராய்ச்சிகளில் அது ஒன்று, பழவேற்காட்டில் விளைந்தது! அதே நூற்றாண்டில், அதே துறைமுகத்திலிருந்து, பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கிய ஏழை மக்களை ஆயிரக்கணக்கில் பத்தேவியாவுக்கு — இன்றைய ஜகார்த்தாவுக்கு — அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் டச்சுக் கம்பெனியார். அந்த மக்களைக் கேட்டு யாரும் நூல் எழுதவில்லை.

அடுத்து வந்த கம்பெனியார் 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரியை அமைத்தார்கள். வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் வரும் வெள்ளைக்கார இளைஞர் தமிழும் தெலுங்கும் படித்தாக வேண்டும்! அங்கிருந்த எல்லிஸ் துரை, தென்மொழிகள் வடமொழியின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816லேயே எடுத்துக் காட்டினார். நன்மை நமக்கும் கிடைத்தது, நோக்கம் அதுவன்று.

பிறகு அமெரிக்கா. 1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை வானில் ஏவியதும் வாஷிங்டன் பதறிப்போய், 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் கொண்டு வந்தது. உலகத்தில் எந்த மூலையின் மொழியும் தங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாதாம்! அந்தப் பணத்தில் அங்கே தமிழ் வகுப்புகளும் வளர்ந்தன. புத்தகத்துக்கு? பி.எல்.480 கோதுமை நினைவிருக்கிறதா? ரேஷன் கடையில் வரிசையில் நின்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாங்கிய கோதுமை! அதற்கு இந்தியா கொடுத்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டுதான் 1962 முதல் இந்நாட்டுப் புத்தகங்களை வாங்கி வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பினார்கள். சப்பாத்தி நம் வயிற்றுக்கு, புத்தகம் அவர்கள் அலமாரிக்கு. பழி சொல்லவில்லை, கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த அரிய நூல்களை 1994இல் வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே நூலகமாக நிலைக்கச் செய்ததும் சிகாகோ பல்கலைக் கழகம்தான்.

கம்பெனி படித்தது, வல்லரசு படித்தது. பாட்டாளி படிக்கவைத்த கதை உண்டா? உண்டு. மலாயாவில் உண்டு!

மலாயாப் பல்கலைக் கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை ஒன்று அமைக்க வேண்டும் என்ற பேச்சு 1950களின் தொடக்கத்தில் எழுந்தது. எந்த மொழிக்கு முதலிடம்? கருத்துச் சொல்ல வந்த வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் வடமொழியின் பக்கம் நின்றார். அவர் புலமையில் குறையில்லை. ஸ்ரீவிஜயப் பேரரசின் வரலாற்றையே எழுதியவர். ஆனால் மலாயாவில் ரப்பர் பால் வெட்டியவன் எந்த மொழி பேசினான்? துறைமுகத்தில் மூட்டை சுமந்தவன், ரயில் பாதை போட்டவன் எந்த மொழியில் தாலாட்டுக் கேட்டான்?

திருவாரூரில் பிறந்து, 1924இல் சிங்கப்பூர் போய், 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி வெகுண்டெழுந்தார். வெறும் தலையங்கம் எழுதியதோடு நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! டாலரை அங்கே வெள்ளி என்பார்கள். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் மடியை அவிழ்த்துப் போட்ட வெள்ளிகள் பல்கலைக் கழகத்தின் தமிழ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. தம் பிள்ளை அந்த வாசலை மிதிப்பானா என்று நிச்சயமில்லாதவர்கள் கொடுத்த காசு அது! 1956இல் துறை அமைந்தது. தமிழ் அங்கே அரியணை ஏறியது. 1961இல் தனிநாயக அடிகள் அதன் பேராசிரியரானார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு அவர் முயற்சியில் நடந்தது. 1968இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சென்னையில் இரண்டாம் மாநாடு. கடற்கரைச் சிலைகளைப் பார்க்கும்போது அந்த ஒரு வெள்ளியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே மலாயாவில் தமிழனுக்கு ஒரு பட்டப் பெயர் இருந்தது: 'கிளிங்'. தஞ்சாவூர்க்காரனானாலும் சேலத்துக்காரனானாலும் எல்லோரும் கிளிங்! கேட்டவன் நெஞ்சு எப்படிக் கொதித்திருக்கும்? 'இந்திக்காரன்' என்று நாம் சொல்லும்போதும் அப்படித்தான்.

தோட்டத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் கங்காணி நின்றான். கோட்டையில் கம்பெனிக்கும் குடிமக்களுக்கும் நடுவில் துபாஷி நின்றான். இங்கே இன்று காண்ட்ராக்டரின் ஆள் நிற்கிறான். இரண்டு மொழியும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் நாக்கில்தான் அவன் கமிஷன் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்று அவன் சொல்வதுதான் கணக்கு. சங்கம் என்ன சொல்கிறது என்று அவன் பெயர்ப்பதுதான் செய்தி. 2011இல் இந்த மாவட்டத்துச் செங்கல் சூளை ஒன்றிலிருந்து ஒடிசாத் தொழிலாளர்களும் பிள்ளைகளுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் கொத்தடிமைகளாய் மீட்கப்பட்டார்கள். அத்தனை பேர் அடைபட்டிருந்தது கூப்பிடு தூரத்தில். கூப்பிட்டால் புரிந்துகொள்ள ஆள் இல்லை. சூளைப் பிள்ளைகளுக்கு ஒடியாவில் பாடம் சொல்லப் பள்ளிகள் நடந்தன. நல்ல காரியம். ஆனால் புத்தகமும் ஒடிசாவிலிருந்து வர வேண்டியிருந்தது, ஆசிரியரும் ஒடிசாவிலிருந்து வர வேண்டியிருந்தது.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் தமிழ் இருக்கைக்குத் தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது. உலகத் தமிழரும் அள்ளித் தந்து 2018இல் 60 லட்சம் டாலர் நிறைந்தது. நானும் கை தட்டினேன். பிறர் நம்மைப் படிக்க நாம் காசு கொடுக்கிறோம். நாம் பிறரைப் படிக்க? ஜப்பானியமும் பிரெஞ்சும் படித்தால் இந்தப் பக்கத்து ஆலைகளில் நல்ல சம்பளம் என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள், படிக்கட்டும். முதலாளியின் மொழிக்கு ஆசிரியர் கிடைக்கிறார். பக்கத்து மிஷினில் நிற்பவன் மொழிக்கு?

பொன்னேரியில் அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. திருத்தணியில் இருக்கிறது. மொழிவாரிப் போராட்டத்தின் பயனாய் 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்த ஊர் திருத்தணி. மொழிக்காகவே ஒடிசா தனி மாநிலமானதும் ஓர் ஏப்ரல் 1தான், 1936இல்! இந்தக் கல்லூரிகளில் ஒடியா, வங்காளம், சந்தாலி, குருக் என்று மாலை வகுப்பாவது வரட்டும். சென்னைப் பல்கலைக் கழகம் கிழக்கிந்திய மக்களின் மொழிக்கும் வாழ்வுக்கும் ஒரு பட்டயப் படிப்பு வைக்கட்டும். அண்ணாமலையில் மலைவாழ் மக்களின் மொழிகளை ஆராய்ந்த பேராசிரியர்கள் வழிவழியாக இருந்திருக்கிறார்கள். வழி காட்ட ஆள் உண்டு. படித்து வருகிறவர் தொழிலாளர் துறையில் அமரட்டும், அரசு மருத்துவமனையில் அமரட்டும், முக்கியமாகச் சங்க அலுவலகத்தில் அமரட்டும். காசு இல்லை என்று பதில் வந்தால், சிப்காட் வாயிலில் உண்டியலோடு நிற்க நான் தயார். ஆளுக்குப் பத்து ரூபாய்!

உருக்காலைத் தோழர் காத்திருக்கவில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, அந்த மயூர்பஞ்சு இளைஞனிடம் கேட்டு எழுதி வைக்கிறார். முதல் வரி: செங்கேல் — தீ. இரண்டாவதாகத் தண்ணீருக்குச் சொல் கேட்டிருக்கிறார். 'தாக்' என்பது போல அவன் சொல்கிறான். ஆனால் கடைசி ஒலி வெளியே வராமல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. "இதைத் தமிழில் எப்படி எழுதுவது, அண்ணே?" என்று நோட்டை என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்.