கண் திறந்தாலும் காட்சி உடனே புரிவதில்லை: தில்லி ஆய்வு உணர்த்தும் உண்மை

புதுதில்லி: பிறந்தது முதல் பார்வையில்லாத ஒரு சிறுவனுக்கு அறுவை சிகிச்சை நடைபெறுகிறது. கண்ணில் இருந்த கட்டு அவிழ்க்கப்படுகிறது. சற்று முன்பு கையால் தடவி அறிந்த ஒரு பொருளை இப்போது அவன் கண்முன் வைத்தால், தொடாமலே அது இன்னதென்று அவனால் சொல்ல முடியுமா?

முடியும் என்றே பலரும் எண்ணக்கூடும். ஆனால், உடனடியாக முடியாது என்பதைத் தில்லி தரியாகஞ்சில் உள்ள டாக்டர் ஷ்ராஃப் தொண்டு கண் மருத்துவமனையுடன் இணைந்து நடத்தப்பட்ட ஆய்வு காட்டியுள்ளது. கண்ணுக்குள் ஒளி நுழைவது ஒரு நிகழ்வு; அந்த ஒளியைப் பொருளாகவும் முகமாகவும் இடமாகவும் அறிந்துகொள்வது மற்றொரு நிகழ்வு. இரண்டாவதை மூளை கற்றுக்கொள்ள வேண்டியுள்ளது. இந்த வேறுபாடு, பல ஆண்டுகள் பார்வையின்றி வாழ்ந்த ஒரு குழந்தைக்குச் சிகிச்சை அளிக்கலாமா, வேண்டாமா என்ற முடிவோடும் நேரடித் தொடர்புடையது.

புலனுணர்ச்சியும் புலன்காட்சியும்

உளவியலின் அடிப்படைப் பாடங்களில் இரு சொற்கள் பிரித்துப் பேசப்படுகின்றன. ஒளி, ஒலி, வெப்பம், மணம் போன்ற தூண்டல்களைப் புலனுறுப்புகள் ஏற்று நரம்புக் குறிப்புகளாக மாற்றுவது புலனுணர்ச்சி. அக்குறிப்புகளை மூளை ஒழுங்குபடுத்தி, முன் அனுபவத்தோடு சேர்த்துப் பொருள் கொள்வது புலன்காட்சி.

பார்வையை எடுத்துக்கொள்வோம். கருவிழி வழியாக நுழையும் ஒளியை கண்வில்லை விழித்திரையில் குவிக்கிறது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் செல்கள் சுமார் 12 கோடியும், நிறத்தையும் நுண்விவரங்களையும் உணரும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சமும் உள்ளன. இவை திரட்டும் தகவல் அனைத்தும் ஏறத்தாழ 10 லட்சம் இழைகள் கொண்ட பார்வை நரம்பின் வழியாக வெளியேறுகிறது. அது தாலமஸ் என்னும் பகுதியைக் கடந்து, தலையின் பின்புறத்தில் உள்ள பார்வைப் புறணியை அடைகிறது.

அங்கு வந்து சேர்வது முழுமையான படம் அன்று. ஓரங்கள், சாய்வுகள், ஒளி வேறுபாடுகள் ஆகியவை பற்றிய சிதறிய குறிப்புகளே வந்து சேர்கின்றன. எந்த ஓரம் எந்தப் பொருளுக்கு உரியது, எது முன்னே உள்ளது, எது நிழல் என்பதை மூளையே முடிவு செய்கிறது. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணரும் செல்களே இல்லை. ஆயினும் நாம் காணும் காட்சியில் ஓட்டை எதுவும் தென்படுவதில்லை. சுற்றியுள்ள தகவலைக் கொண்டு மூளை அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது.

தமிழ் மரபுக்கும் இந்தப் பகுப்பு முற்றிலும் அந்நியமானதன்று. உயிர்களை அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தும் தொல்காப்பியம், தொடுதல், சுவை, மணம், பார்வை, செவி ஆகிய ஐந்திற்கு அப்பால் மனத்தை ஆறாவதாகத் தனியே வைக்கிறது.

1688-இல் எழுந்த கேள்வி

அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த வில்லியம் மாலினோ என்னும் அறிஞர், 1688-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வியை எழுதி அனுப்பினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர், கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டு வேறுபடுத்தக் கற்றிருக்கிறார். திடீரென அவருக்குப் பார்வை கிடைத்தால், இரண்டையும் தொடாமல் பார்வையாலேயே அவர் வேறுபடுத்துவாரா என்பதே அக்கேள்வி. மாலினோவின் மனைவியும் பார்வையை இழந்தவர்.

முடியாது என்றார் லாக். அறிவு அனைத்தும் அனுபவத்தால் வருவது என்பது அவர் கொள்கை. வடிவத்தின் இயல்பு இரு புலன்களுக்கும் பொதுவானது என்பதால் பகுத்தறிவின் துணையோடு முடியும் என்றார் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ். 1728-இல் லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் செசெல்டன், கண்புரை அகற்றப்பட்ட ஒரு சிறுவனைப் பற்றி வெளியிட்ட குறிப்பு இந்த விவாதத்தை மேலும் வளர்த்தது. எனினும், முறையாகச் சோதித்து முடிவு காண்பது நெடுங்காலம் இயலாததாகவே இருந்தது.

அதற்குக் காரணம் உண்டு. வசதி படைத்த நாடுகளில் பிறவிக் கண்புரையைப் பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்திலேயே அகற்றிவிடுகின்றனர். கேள்விக்குப் பதில் சொல்லும் வயதை அடைந்த பின்னும் சிகிச்சை பெறாதிருக்கும் குழந்தைகளை அங்கே காண்பது அரிது. இந்தியாவில் வறுமையாலும், மருத்துவ வசதி எட்டாததாலும், இது விதி என்ற எண்ணத்தாலும் பல குழந்தைகள் ஆண்டுக்கணக்கில் இருளிலேயே வாழ்ந்துவந்தனர்.

தில்லியில் கிடைத்த விடை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) நரம்பியல் பேராசிரியர் பவன் சின்ஹா, தில்லி ஐஐடியில் பொறியியல் பயின்றவர். தாயகம் வந்தபோது இத்தகைய குழந்தைகளைக் கண்ட அவர், 2000-களில் ‘பிராஜெக்ட் பிரகாஷ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினார். வட இந்தியக் கிராமங்களில் முகாம் நடத்திச் சிகிச்சையால் பயன்பெறக்கூடிய குழந்தைகளைக் கண்டறிவது, தில்லியில் அவர்களுக்கு அறுவை சிகிச்சை அளிப்பது, பெற்றோரின் இசைவோடு அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராய்வது என்பது திட்டத்தின் நடைமுறை.

மாலினோவின் கேள்விக்கான சோதனையில் 8 முதல் 17 வயது வரையிலான ஐவர் பங்கேற்றனர். அறுவை சிகிச்சை முடிந்த 48 மணி நேரத்திற்குள் சோதனை நடத்தப்பட்டது. குழந்தைகள் விளையாடும் கட்டைகளைப் போன்ற 20 இணை வடிவங்கள் தயாரிக்கப்பட்டன. மங்கலான பார்வைக்கும் தெரியும் அளவுக்கு அவை பெரியனவாக இருந்தன.

ஒரு வடிவத்தைத் தொட்டபின், இரண்டில் அது எது என்று தொட்டே கண்டறியச் சொன்னபோது 98 சதவீத விடைகள் சரியாக இருந்தன. பார்த்த வடிவத்தைப் பார்த்தே கண்டறியச் சொன்னபோது 92 சதவீதம் சரியாக இருந்தது. அதாவது, அவர்களின் கண் வேலை செய்தது. நினைவும் வேலை செய்தது. ஆனால், தொட்டு அறிந்த வடிவத்தைப் பார்த்துக் கண்டறியச் சொன்னபோது சரியான விடை 58 சதவீதமாகக் குறைந்தது. இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சதவீதம் சரியாக அமையும் என்பதை நோக்க, இது ஏறக்குறைய ஊகம்தான்.

சில நாள்கள் கழித்து, அவர்களில் சிலரிடம் அதே சோதனை மீண்டும் நடத்தப்பட்டது. தனிப்பயிற்சி எதுவும் அளிக்கப்படாத நிலையிலும் அவர்களது திறன் வெகுவாக உயர்ந்திருந்தது. கையும் கண்ணும் ஒரே உலகத்தைப் பற்றிப் பேசுகின்றன என்பதை மூளை அன்றாட வாழ்விலிருந்தே கற்றுக்கொண்டது. இந்த முடிவுகள் 2011-இல் ‘நேச்சர் நியூரோசயின்ஸ்’ இதழில் வெளியாயின.

அசைவு கற்பிக்கும் பாடம்

புதிதாகப் பார்வை பெற்றவர்களுக்கு உலகம் எவ்வாறு தோன்றுகிறது? திட்டத்தின் மற்றோர் ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரு வடிவங்களைக் காட்டினால், அவர்கள் அவற்றை இரண்டாகக் காணவில்லை. ஓரங்கள் வெட்டிக்கொண்ட ஒவ்வொரு துண்டையும் தனிப்பொருளாக எண்ணினர். பொருள்களின் படங்களிலும் நிறமும் ஒளியும் மாறும் இடந்தோறும் எல்லை வகுத்தனர்.

ஆனால், அதே வடிவங்கள் நகரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒன்றாக நகரும் பகுதிகள் ஒரே பொருளுக்கு உரியவை என்பதை அவர்களால் எளிதில் உணர முடிந்தது. பல மாத அனுபவத்திற்குப் பின், அசையாத காட்சியையும் பிரித்தறியும் ஆற்றல் அவர்களிடம் வளர்ந்தது. அசைவே பார்வையின் முதல் ஆசான் என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

எல்லாமே கற்றுக்கொள்வதா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. தொலைவில் குவிந்து செல்லும் தண்டவாளம் போன்ற இரு கோடுகளுக்கிடையே, மேலும் கீழுமாகச் சம நீளமுள்ள இரு கிடைக்கோடுகளை வரைந்தால், மேலுள்ள கோடு நீளமாகத் தோன்றும். இது போன்சோ மாயத்தோற்றம் எனப்படுகிறது. தொலைவில் உள்ளவை சிறிதாகத் தெரியும் என்பதை வாழ்க்கையில் பழகியதால்தான் இம்மயக்கம் ஏற்படுகிறது என்று நெடுங்காலமாக விளக்கம் கூறப்பட்டுவந்தது.

8 முதல் 16 வயது வரையிலான ஒன்பது குழந்தைகளிடம், பார்வை பெற்ற உடனேயே இப்படம் காட்டப்பட்டது. அத்தகைய பழக்கத்துக்கே வாய்ப்பில்லாத அவர்களும் அதே மயக்கத்துக்கு ஆளாயினர். 2015-இல் வெளியான இம்முடிவு, காட்சியைக் கையாளும் சில முறைகள் மூளையில் அனுபவத்திற்கு முன்பே அமைந்திருக்கலாம் என்பதைக் காட்டுகிறது.

2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு மற்றொரு வியப்பை அளித்தது. தாமதமாகப் பார்வை பெற்ற குழந்தைகள், வண்ணப் படத்தில் இனங்கண்ட பொருள்களைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இனங்காணத் தடுமாறினர். இயல்பான பார்வையுள்ள குழந்தைகளுக்கு இச்சிக்கல் இல்லை. பச்சிளங்குழந்தையின் கூம்பு செல்கள் முழு வளர்ச்சி பெறாததால், அது நிறத்தைத் தெளிவாக உணர்வதில்லை. அதனால் ஒளி, நிழல், வடிவம் ஆகியவற்றைக் கொண்டு பொருளை அறியப் பழகுகிறது. வளர்ந்த கண்ணோடு பார்க்கத் தொடங்கும் குழந்தை முதல் நாளிலிருந்தே நிறத்தை நம்பிவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். குறைபோல் தோன்றும் தொடக்ககால மங்கல் பார்வைக்கும் ஒரு பயன் இருக்கிறது.

காலம் கடந்துவிட்டதா?

டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசெல் ஆகியோர் பூனைக்குட்டிகளிடம் நடத்திய சோதனைகள், இளமையின் குறிப்பிட்ட காலத்தில் ஒரு கண் மூடப்பட்டிருந்தால், பின்னர் அது திறக்கப்பட்டாலும் அக்கண்ணின் பார்வை பெரிதும் பாதிக்கப்படும் என்பதை நிறுவின. அவர்கள் இருவரும் 1981-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். இதன் அடிப்படையில், ஏழு, எட்டு வயதைக் கடந்த பிறவிப் பார்வைக் குறைபாட்டுக்கு அறுவை சிகிச்சை செய்வதால் பெரும் பயன் விளையாது என்ற எண்ணம் மருத்துவ உலகில் வேரூன்றியது.

பிரகாஷ் திட்டத்தின் முடிவுகள் அந்த எண்ணத்தைத் திருத்தியுள்ளன. 12 வயதில் அறுவை சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணை 20 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, பார்வைக் கூர்மை குறைவாக இருந்தும், பொருள்களையும் முகங்களையும் கண்டறிவது உள்ளிட்ட பல பணிகளில் அவர் நல்ல திறன் பெற்றிருந்தார். பிறவியிலேயே கண்வில்லை இல்லாத ஒருவருக்கு, 29 வயதில் அளிக்கப்பட்ட மூக்குக் கண்ணாடியே புதிய உலகத்தைத் திறந்தது.

அதே நேரத்தில், தாமதத்தின் விலையும் தெளிவாகத் தெரிகிறது. இக்குழந்தைகளின் பார்வைக் கூர்மை பெரும்பாலும் இயல்பான அளவை எட்டுவதில்லை. முன்னேற்றமும் எல்லோரிடமும் ஒரே அளவில் இல்லை. எட்டு வயதைக் கடந்த குழந்தையைப் பயனில்லை என்று திருப்பி அனுப்புவது தவறு. எப்போது செய்தாலும் ஒன்றுதான் என்று காத்திருப்பது அதைவிடத் தவறு.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

இரு கண்களிலும் பார்வையை மறைக்கும் அளவுக்குப் பிறவிக் கண்புரை இருந்தால், முதல் இரண்டு மாதங்களுக்குள் அதை அகற்றுவது சிறந்தது எனக் கருதப்படுகிறது. ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் இன்னும் விரைவாகச் செய்ய வேண்டும். மரபுக் காரணங்களும், கருவுற்ற காலத்தில் தாய்க்கு ஏற்படும் ரூபெல்லா போன்ற தொற்றுகளும் இதற்குக் காரணமாகலாம். ரூபெல்லாவைத் தடுப்பூசியால் தடுக்க இயலும்.

கண்மணியில் வெண்மை தெரிதல், ஒளிப்படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக ஒளிர்தல், மூன்று மாதமாகியும் தாயின் முகத்தை நோக்காதிருத்தல், கண்கள் நிலையின்றி ஆடிக்கொண்டே இருத்தல், மாறுகண் நிலைத்திருத்தல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரை அணுக வேண்டும்.

2013-இல் தொடங்கப்பட்ட ‘ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்’ (ஆர்பிஎஸ்கே) என்னும் மத்திய அரசுத் திட்டம், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரையிலானோருக்கு உடற்பரிசோதனை செய்ய வகைசெய்கிறது. பிறவிக் கண்புரையும் அதில் அடங்கும். நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் சென்று பரிசோதிக்கின்றன. குறைபாடு கண்டறியப்பட்டால் மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கின்றன.

சிகிச்சைக்குப் பின் குழந்தை உடனே எல்லாவற்றையும் இனங்காணவில்லை என்றால், அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று பெற்றோர் முடிவுகட்ட வேண்டியதில்லை. பொருளைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கவும், அசைத்துக் காட்டவும், மருத்துவர் சொல்லும் நாள்களில் தவறாமல் மறுபரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும் வேண்டும். கண்ணில் இருந்த தடையை மருத்துவர் நீக்கிவிட்டார். காண்பதைக் கற்க மூளைக்குச் சிறிது காலம் தேவை.