ஜெயித்தவர்கள் கட்டிய நஷ்டஈடு

போரில் தோற்றவர்கள் நஷ்டஈடு கட்டுவார்கள். ஹைட்டியில் ஜெயித்தவர்கள் கட்டினார்கள். அதுவும், தங்களைச் சவுக்கால் அடித்து வேலை வாங்கிய முதலாளிகளுக்கு! அந்தப் பணத்துக்காக வாங்கிய கடனின் வால் அறுந்தது 1947-ல்தான்.

18-ம் நூற்றாண்டில் இந்த நாட்டுக்குப் பெயர் சான் தொமாங். கரீபியக் கடலில் ஹிஸ்பானியோலா தீவின் மேற்குப் பகுதி, பிரான்சின் காலனி. உலகச் சந்தைக்கு வந்த காபியில் பாதிக்கு மேல் இங்கே விளைந்ததுதான். சர்க்கரையிலும் இதற்கு நிகரான காலனி வேறில்லை. விளைவித்தவர்கள் சுமார் 5 லட்சம் கறுப்பின அடிமைகள். வெள்ளையர்கள் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர்.

வெட்டிய கரும்பை உடனே பிழியாவிட்டால் சாறு புளித்துவிடும். அதனால் அறுவடைக் காலத்தில் ஆலைகள் இரவு பகலாக ஓடும். தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கை போனால், கையை வெட்டித்தான் ஆளைக் காப்பாற்ற வேண்டும். இந்தத் தோட்டங்களில் பிறப்பைவிட இறப்பு அதிகம். குழந்தை பிறந்து வளரும் வரை காத்திருப்பதைவிடப் புது ஆளை வாங்குவது மலிவு என்பது முதலாளிகளின் கணக்கு. 1780-களின் கடைசியில் ஆண்டுக்குச் சுமார் 30 ஆயிரம் பேர் கப்பலில் வந்து இறங்கினார்கள். காங்கோ பகுதிப் போர்களில் பிடிபட்டு விற்கப்பட்ட வீரர்களும் அவர்களில் இருந்தார்கள். தங்களை வீழ்த்தப் போகும் சேனையை முதலாளிகள் தங்கள் காசிலேயே இறக்குமதி செய்துகொண்டிருந்தார்கள்.

1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியில் கலகம் வெடித்தது. முதல் தலைவர் புக்மன் சில மாதங்களில் கொல்லப்பட்டார். தீ அணையவில்லை, சில வாரங்களில் நூற்றுக்கணக்கான தோட்டங்கள் சாம்பலாகியிருந்தன. 1794-ல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்ததைப் பிரெஞ்சுப் புரட்சியின் பெருந்தன்மை என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பெயினும் பிரிட்டனும் காலனியைப் பறிக்க வந்து நின்றன. பிரான்சுக்கு ஆள்பலம் தேவைப்பட்டது. 1793-லேயே அங்கிருந்த பிரெஞ்சு அதிகாரி சொந்தோனாக்ஸ் விடுதலையை அறிவித்துவிட்டார். பாரிஸ் அதற்கு முத்திரை குத்தியது.

பிறகு எழுந்தவர் துசேன் லூவெர்த்யூர். அடிமையாகப் பிறந்து, வண்டியோட்டியாக இருந்து, கலகத்துக்கு முன்பே விடுதலை பெற்றவர். ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கியவரும்கூட. ஆட்சிக்கு வந்ததும், விடுதலையானவர்களைத் தோட்ட வேலைக்கே திருப்பி அனுப்பிச் சட்டம் போட்டார். அவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. ஸ்பெயின், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்ட அவருடைய சாமர்த்தியத்தை மறுக்கவும் முடியாது.

1801 டிசம்பரில் நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்லெர்க்கைப் பெரும்படையோடு அனுப்பினார். 1802-ல் பேச்சுவார்த்தைக்கு என்று அழைத்துத் துசேனைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் மலைக்கோட்டைச் சிறையில் குளிரிலும் நோயிலும் இறந்தார். ஆனால், பக்கத்துக் காலனியான குவாடலூப்பில் அடிமை முறை திரும்பிவிட்டது என்ற செய்தி வந்ததும், பிரான்ஸ் பக்கம் சேர்ந்திருந்த கறுப்புத் தளபதிகளே அதற்கு எதிராகத் திரும்பினார்கள். மிச்சத்தை மஞ்சள் காய்ச்சல் பார்த்துக்கொண்டது. லெக்லெர்க்கையும் அது விடவில்லை. 1803 நவம்பர் 18-ல் வெர்த்தியேரில் கடைசிப் போர். 1804 ஜனவரி 1-ல் தளபதி தெசலின் சுதந்திரத்தை அறிவித்தார். எஞ்சியிருந்த பிரெஞ்சு வெள்ளையர்களைக் கொன்று குவிக்க உத்தரவிட்டவரும் அவரே.

அதன்பின் நாடு தனித்து விடப்பட்டது. அமெரிக்கா அங்கீகரித்ததே 1862-ல்தான். 1825-ல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பினார். முன்னாள் முதலாளிகள் இழந்த சொத்துக்கு 15 கோடி பிராங்க் கட்டினால் அங்கீகாரம். அந்தச் சொத்துக் கணக்கில் மனிதர்களின் விலையும் அடக்கம். ஹைட்டி அதிபர் புவாயே கையெழுத்திட்டார். முதல் தவணை 3 கோடியைப் பாரிஸிலேயே கடன் வாங்கினார்கள். வங்கிக்காரர்கள் 60 லட்சத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு 2.4 கோடி கொடுத்தார்கள். 1838-ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைந்தது. காபி மீதான வரியிலிருந்து பணம் போனது. அதாவது, அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் காபி பறித்து, தாத்தாவின் விலையைக் கட்டினார்கள்.

2003-ல் ஹைட்டி அதிபர் அரிஸ்டீட், பிரான்சிடம் 2,100 கோடி டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டார். அடுத்த ஆண்டே பதவியிழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். 2025 ஏப்ரல் 17-ல், நஷ்டஈடு கேட்ட சார்லஸின் அரசாணைக்கு 200 ஆண்டு நிறைந்த நாளில், பிரெஞ்சு அதிபர் மக்ரோன் இருநாட்டு வரலாற்றாசிரியர்களின் குழுவை அறிவித்தார். பணம் திருப்பித் தரப்படும் என்று சொல்லவில்லை.