தாதியாக விரும்புவோர்க்கு

பினாங்குப் பொது மருத்துவமனைக்குச் சென்று வரும் நம் மாணவியர் பலர், "நானும் மிஸி ஆவேன்" என்று கூறுவதை நாம் கேட்டிருக்கிறோம். மகிழ்ச்சியே. ஆயினும், சீருடை அணிந்த அளவில் ஒருவர் தாதியாகிவிடுவதில்லை.

1950ஆம் ஆண்டுத் தாதியர் சட்டப்படி, மலேசியத் தாதியர் வாரியத்தின் பதிவேட்டில் பெயர் ஏறிய பின்னரே அப்பணியைச் செய்ய இயலும். அதற்கு முதற்படி எஸ்.பி.எம். தேர்வு. மலாய், கணிதம், அறிவியல் ஆகிய பாடங்களில் கிரெடிட் பெற வேண்டும். ஆங்கிலத்திலும் தேர்ச்சி தேவை. கணக்கு என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகள் கவனிக்க: நோயாளிக்குச் செலுத்தும் மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பவர் தாதியே!

அடுத்து மூன்றாண்டு டிப்ளோமா அல்லது நான்காண்டுப் பட்டப்படிப்பு. வகுப்பறைப் பாடத்தோடு நோயாளிகளின் படுக்கையருகேயும் பயிற்சி உண்டு. பின்னர் வாரியத்தின் தேர்வு. பதிவு பெற்றவரும் ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். டிசம்பர் 31க்குப் பின் பழைய சான்றிதழ் செல்லாது.

பெற்றோர்களே, நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுமுன், அக்கல்லூரியின் தாதியர் படிப்பை வாரியம் அங்கீகரித்துள்ளதா என்று வாரியத்திடமே கேளுங்கள். ஆள் சேர்க்க வீடு தேடி வருபவரின் வாய்ச்சொல் போதாது. அங்கீகாரம் இல்லையெனில், மூன்றாண்டு படித்த மகள் வாரியத் தேர்வில் அமரவே இயலாது. கடன் மட்டுமே எஞ்சும். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. பினாங்கிலும் அத்தகைய கழகம் ஒன்று உண்டு. ஆண் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம்.