இளவேனில் இரவில் வானம்

நம் குழந்தைகளை நோக்கி, பிறந்த நட்சத்திரம் யாது என்று வினவினால், சுவாதி என்றோ கேட்டை என்றோ தயங்காது விடை பகர்வர். அதனை வானிற் காட்டுக என்றால் திகைப்பர். அயல் மாநிலத்தில் வாழும் நாம் தாய்மொழியை அவர்களுக்குக் கற்பிக்கப் பெரிதும் முயல்கிறோம். அம்மொழியின் பழம்பெயர்கள் பல மொட்டைமாடிக்கு மேலே ஒளிர்வதை நினைப்பதில்லை. அவற்றைக் காட்டுதற்கேற்ற காலம் சித்திரையும் வைகாசியுமாகிய இளவேனில். ஆனி பிறந்தால் பருவமழை மேகம் வானை மூடத் தொடங்கிவிடும்.

பெங்களூரின் அடுகோடியில் ஒரு மாடிமீது நிற்பதாகக் கொள்வோம். இவ்வூரும் சென்னையும் ஏறக்குறைய ஒரே 13 பாகை வட அட்சரேகையில் உள்ளன. ஆதலால் சென்னையில் உள்ள நம் உறவினர் காணும் அதே விண்மீன், அதே உயரத்தில், ஏறத்தாழ 11 நிமிடம் கழித்து நமக்குத் தோன்றும். ஊர் மாறினாலும் வானம் மாறவில்லை.

மே மாத நடுவில், நிலவற்ற ஓர் இரவில், 9 மணியளவில் முதலில் வடக்கே நோக்குக. சப்தரிஷி மண்டலத்தின் ஏழு மீன்களும் அகப்பையின் வடிவில் உயர நிற்கும். அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிச் சென்றால், கிழக்கே உச்சியை நோக்கி ஏறிவரும் செம்பொன் நிற விண்மீனை அடைவோம். அதுவே சுவாதி. அதன் ஒளி நம்மை வந்தடைய 37 ஆண்டுகள் ஆகின்றன; பிழைப்புக்காக நம்மிற் சிலர் இந்நகருக்கு வந்த காலத்தில் புறப்பட்ட ஒளியை இன்று காண்கிறோம் எனலாம். வளைவை மேலும் நீட்டினால் நீலம் கலந்த வெண்மையுடன் சித்திரை விளங்கும். முழுமதி இதன் அருகே நிற்கும் மாதமே சித்திரை எனப் பெயர் பெற்றது. கன்னட அண்டை வீட்டாரிடம் இவற்றைக் காட்டினால் அவர்களும் சித்தா, சுவாதி என்றே கூறுவர். உரையாடலுக்கு இதனினும் எளிய தொடக்கம் வேண்டியதில்லை.

அகப்பைக் காம்பின் நடுமீன் வசிட்டர். அதனை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது நம் வழக்கம். ஆயின் முகூர்த்தம் பெரும்பாலும் பகலில் அமைவதால், மணமக்கள் நோக்குவது பந்தலின் துணியைத்தான்! உண்மையான அருந்ததியைக் காட்ட இளவேனில் இரவே தக்கது.

இனித் தெற்கே திரும்புவோம். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 பாகை. அடிவானிலிருந்து இரண்டு முட்டி உயரத்திற்குள் நான்கு மீன்கள் சிலுவைபோல் நிற்கும். இதனைத் திரிசங்கு என்பர். விண்ணுலகிலும் இடமின்றி மண்ணுலகுக்கும் திரும்பாது இடையில் தொங்கிய மன்னனின் கதையைப் புலம்பெயர்ந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. இது தென்வானுக்குரியது, மும்பையில் தாழ்ந்து தோன்றும், தில்லியில் வாழும் தமிழர்க்கோ முழுமையாகத் தோன்றாது. நள்ளிரவுக்குச் சற்று முன்னர் இதன் கிழக்கே இரு பேரொளி மீன்கள் நேர்தெற்கை அடையும். அவற்றுள் கீழ்த்திசையில் உள்ளது நமக்கு மிக அண்மையிலுள்ள விண்மீன் தொகுதி, 4.3 ஒளியாண்டுத் தொலைவினது. அகத்தியரைக் காண விழைவோர் சித்திரையின் முதல் நாட்களிலேயே, இரவு 8 மணிக்குத் தென்மேற்கே நோக்குதல் வேண்டும். வைகாசியில் அவர் அந்தியொளியில் மறைந்துவிடுவார்.

தென்கிழக்கே செந்நிறத்துடன் எழுவது கேட்டை. விட்டத்தில் சூரியனைப்போல் பல நூறு மடங்கு பெரியது. அக்கினி நட்சத்திரம் என்று நாம் அஞ்சும் நாட்களில் அக்கினிக்கு உரியதாகிய கார்த்திகையை மட்டும் வானில் காண இயலாது. சூரியன் அப்போது அதன் அருகே நிற்பதால் இரண்டும் ஒருங்கே எழுந்து ஒருங்கே மறையும்.

அடுகோடியை அடுத்த கோரமங்கலாவில் இந்திய வானியற்பியல் நிறுவனம் உள்ளது. இதன் மூலம் 1792-இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த சென்னை வானாய்வு நிலையம். அங்குப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வு நிலையம் எழுந்தது. 1971-இல் தன்னாட்சி பெற்ற இந்நிறுவனம் பின்னர்ப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆக, நம்மைப் போன்றே சென்னையிலிருந்து குடிபெயர்ந்து வந்த நிறுவனம் இது. ஆயினும் அதன் பெரிய தொலைநோக்கி இங்கு இல்லை. 2.34 மீட்டர் விட்டமுடைய ஆடியோடு 1986-இல் திறக்கப்பெற்ற அது, திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில், சவ்வாது மலையின் இருளில் நிற்கிறது. நகர விளக்குகளின் ஒளி விண்மீன்களை விழுங்கிவிடும்.

அவ்விளக்குகள் நம் மாடியையும் விடுவதில்லை. இங்கே கூறிய மீன்களுள் அருந்ததியொழிந்த ஏனையவை நகரிலும் தெரியத்தக்கன. தெருவிளக்கு நேரே கண்ணில் படாத மூலையில் நின்று, கண் இருளுக்குப் பழக 20 நிமிடமேனும் விடவேண்டும். அதுவரை கைப்பேசியைத் திறத்தல் கூடாது. மே மாத மாலைகளில் இவ்வூரில் இடியுடன் மழை பெய்வதுண்டு. மழை ஓய்ந்து மேகம் கலைந்த இரவே தலைசிறந்தது. தூசி அடங்கியிருத்தலால் அருந்ததியும் அன்று தென்படக்கூடும்.