காட்டைக் காப்பாற்ற மரத்தை வெட்டணுமா?

கேட்கவே முரணாக இருக்கிறதா? ஆனால் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் அதைத்தான் செய்கிறார்கள். ஏன்?

காட்டில் ஏன் இத்தனை நெரிசல்?

ஆரிகன் மாநிலத்தின் பைன் காடுகளில் முன்பெல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு தீ தரையோடு தரையாகப் பரவும். சில நேரம் மின்னல் மூட்டும்; சில நேரம் பழங்குடி மக்களே மூட்டுவார்கள். சருகும் கன்றுகளும் எரிந்துவிடும். தடித்த பட்டையுள்ள பெரிய மரங்கள் தப்பிவிடும்.

1935இல் அமெரிக்க வனத்துறை புது விதி கொண்டுவந்தது. எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுப்படுத்த வேண்டும். சிறு தீ குறைந்தது. கன்றுகள் நெருக்கியடித்து வளர்ந்தன.

நெருக்கமாக வளர்ந்தால் என்ன?

இருக்கும் தண்ணீருக்கு மரங்களிடையே போட்டி. வறட்சியில் வாடிய மரத்தால், பட்டையைத் துளைக்கும் வண்டுகளைப் பிசின் சுரந்து விரட்ட முடியாது.

தீப்பிடித்தாலோ, சின்ன மரங்கள் ஏணியாகிவிடும். தரையில் எரியும் தீ அதில் ஏறி உச்சிக்குப் போய்விடும். அப்புறம் அணைப்பது பெரும்பாடு.

சரி, வெட்டினால் போதுமா?

போதாது. 2021 ஜூலையில் ஆரிகனில் மூண்ட பூட்லெக் காட்டுத்தீ 400,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. சிங்கப்பூரைப்போல் 2 மடங்குக்கும் அதிகமான பரப்பு.

அது சைக்கன் மார்ஷ் பாதுகாப்புப் பகுதிக்கும் பரவியது. அங்கே சில இடங்களில் சிறு மரங்களை வெட்டி, பிறகு தரையையும் திட்டமிட்டு எரித்திருந்தார்கள். அந்த இடங்களில் தீ உச்சியிலிருந்து தரைக்கு இறங்கியது. பெரிய மரங்கள் பல பிழைத்தன. வெட்டியதோடு நிறுத்திய இடங்களில் சேதம் கூடுதல். மரத்தை வெட்டினாலும் சருகும் கிளையும் தரையில் கிடக்குமே!

ஆபத்தே இல்லையா?

இருக்கிறது. 2022இல் நியூ மெக்சிகோவில் வனத்துறை திட்டமிட்டு மூட்டிய தீ கைமீறியது. அந்த மாநில வரலாற்றிலேயே மிகப் பெரிய காட்டுத்தீயாக அது மாறியது. காற்று, ஈரப்பதம், ஆள்பலம் எல்லாம் சரியாக இருந்தால்தான் தீ மூட்டலாம்.

பெரிய மரங்களை வெட்டுவதும் தீர்வல்ல. தீயைத் தாங்கக்கூடியவையே அவைதான்.

நம் வட்டாரத்துக்கு இது பொருந்துமா?

பொருந்தாது. மழைக்காடு இயல்பிலேயே ஈரமானது. மரத்தை வெட்டினால் வெயில் உள்ளே புகுந்து காடு காயும். தீ அபாயம்தான் கூடும். நமக்குப் புகைமூட்டத்தைக் கொண்டுவரும் தீயில் பெரும்பங்கு, கால்வாய் வெட்டி உலர்த்தப்பட்ட சதுப்பு நிலங்களில் எரிவது. அங்கே தேவை கோடரி அல்ல, தண்ணீர்.