பாழ்கோள் ஓவியம்

பாழ்கோள் ஓவியம் என்பது மோதலாலோ, நீரையும் வளியையும் இழந்ததாலோ அழிவுற்ற ஒரு கோளைக் கணினியில் வரையும் விண்வெளிக் கலை வகை ஆகும். அறிவியல் புனைகதை நூல்களின் அட்டைகளிலும் திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. கோள் எதனால் அழிந்தது என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு வரையப்படும் படமே நம்பத்தக்கதாக அமைகிறது.

பின்னணி

அமெரிக்க ஓவியர் செசுலி போன்சுடெல் (1888-1986), சனிக்கோள் அதன் துணைக்கோள்களிலிருந்து எவ்வாறு தோன்றும் என்பதை வரைந்த படங்கள் 1944இல் லைஃப் இதழில் வெளியாயின. தூரிகையின் இடத்தைப் பின்னர் கணினி பிடித்தது. 2002இல் பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டதால் முப்பரிமாணக் கோள்களைச் செலவின்றி உருவாக்க முடிந்தது. மேற்பூச்சு வேலைகளுக்குக் கிம்ப் போதுமானது.

உடைந்த கோள்

தேங்காய் மூடி போலப் பாதியாகப் பிளந்து நிற்கும் கோள் பலரும் வரையும் காட்சி; இயற்பியல்படி அது தவறு. பல நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட விட்டமுடைய பாறைப் பொருளைத் தன் ஈர்ப்பே உருண்டையாக்கிவிடும். சிதறிய துண்டுகளும் பெரும்பாலும் மீண்டும் விழும், அல்லது வளையமாகச் சுற்றும். உண்மையில் அடிபட்ட உலகைக் காண விரும்புவோர் வெசுட்டா சிறுகோளை நோக்கலாம். சுமார் 525 கி.மீ. விட்டமுள்ள அதன் தென்முனையில் ஏறத்தாழ 500 கி.மீ. அகலமான பள்ளம் உள்ளது. 2011-2012 காலத்தில் டான் விண்கலம் அதனைப் படமெடுத்தது.

வறண்ட கோள்

இதற்குச் செவ்வாயே முன்மாதிரி. அங்குள்ள ஜெசெரோ பள்ளத்தில் பழைய ஆறொன்று படிவித்த கழிமுகம் இன்றும் தெரிகிறது. 2021இல் பெர்சிவியரன்சு ஊர்தி இறங்கியது இப்பள்ளத்தில்தான். ஆறு எவ்வாறு விசிறி போல் பிரிகிறது என்பதற்குக் காவிரிப் படுகை நல்ல பாடம். வெண்ணாறு, அரசலாறு, வெட்டாறு எனக் கிளைத்து நாகப்பட்டினம் கடற்கரையை நோக்கிச் செல்லும் வலையமைப்பைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, நீரை நீக்கிவிட்டு வரையலாம்.

நிலத்தின் மேடுபள்ளங்கள் உயரப்படம் எனப்படும் சாம்பல்நிறப் படத்தால் தரப்படுகின்றன. வெண்மை மேடு, கருமை பள்ளம். 2000இல் எண்டெவர் விண்ணோடம் திரட்டிய புவியின் உயரத் தரவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 8 பிட்டுப் படத்தில் 256 படிநிலைகளே உள்ளன. கடல்மட்டத்திலிருந்து எவரெசுட்டு வரையான உயரத்தை அவற்றில் பங்கிட்டால் ஒரு படி ஏறத்தாழ 35 மீட்டர் ஆகும். கடலிலிருந்து சில மீட்டரே உயர்ந்த நாகப்பட்டினம் கரையோரம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகி, ஆறுகள் மறைந்துவிடும். 65,536 படிநிலைகள் கொண்ட 16 பிட்டுப் படத்தைப் பயன்படுத்துவதே தீர்வு.

மேற்பரப்பிற்குக் கோடையில் வெடித்த களிமண் வயலின் ஒளிப்படத்தைப் போர்த்துவது எளிய வழி. ஆனால் எவ்வளவு நிறம் மாற்றினாலும் பார்ப்பவர்க்கு அது வயலாகவே தோன்றும். சேற்று வெடிப்புகள் ஏறக்குறைய ஒரே அளவான பலகோணங்கள். கோளின் பிளவுகள் அவ்வாறு சீராக இருப்பதில்லை. செவ்வாயின் வேலெசு மரினெரிசு பள்ளத்தாக்கு ஒன்றே சுமார் 4,000 கி.மீ. நீளமுடையது. எனவே வயற்படத்தை மிகச் சிறிய நுண்விவரத்திற்கு மட்டும் மெல்லிய அடுக்காகச் சேர்ப்பது நன்று.

ஒளி ஒரே திசையிலிருந்து வர வேண்டும். வளிமண்டலம் இழந்த கோளுக்கு விளிம்பில் நீல ஒளிவட்டம் இடுதல் கூடாது. பகலும் இரவும் சந்திக்கும் கோடும் கூர்மையாக இருக்கும்.

ஓவியமும் ஒளிப்படமும்

இத்தகைய படங்கள் உண்மை ஒளிப்படங்களாகக் கருதப்பட்டு மாணவர்களின் கட்டுரைகளிலும் இடம்பெறுவதுண்டு. மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்து, 2022இல் தொடர்பு அற்றுப்போகும் முன் அனுப்பிய முழுக்கோள் படங்கள் நிழற்படக் கருவி பதிந்தவை. அவற்றோடு கற்பனைப் படத்தை அருகில் வைத்தால் வேறுபாடு எளிதில் புலப்படாது. படவிளக்கம் நகலெடுக்கும்போது விடுபட்டுப் போவதால், 'ஓவியம்' என்ற சொல்லைக் கோப்பின் பெயரிலேயே சேர்ப்பது பயனுள்ளது.